யானை நடை

அவளை எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். படித்துப் பட்டம் வாங்கிய டீச்சர் இல்லை. பேக்கிங் கம்பெனிக்குப் பின்னால் இருந்த சந்தில் தன் வீட்டு முன்னறையைக் காலி செய்துவிட்டு, அந்தக் கம்பெனிக்கு வேலைக்குப் போகிற பெண்களின் பிள்ளைகளைக் காலையிலிருந்து சாயங்காலம் வரை பார்த்துக்கொள்கிறவள். இடுப்பில் ஒன்று, காலைக் கட்டிக்கொண்டு ஒன்று, மூக்கு ஒழுகிக்கொண்டு ஒன்று என்று எப்போதும் அவளைச் சுற்றி ஒரு பட்டாளம் இருக்கும். வயிற்றில் பிறந்தது ஒன்றுமில்லை. யாராவது அந்தப் பேச்சை இழுத்தால், "எனக்கா பிள்ளை இல்ல? உள்ள வந்து எண்ணிப் பாத்துட்டுப் பேசு" என்பாள். இழுத்தவர் வாயை மூடிக்கொண்டு போய்விடுவார்.

மழைக்காலம் வந்தால் அந்தச் சந்தில் கால் வைக்க முடியாது. லாரிகள் உழுதுபோட்ட சேறு வாசற்படி வரை நிற்கும். பிள்ளைகளை வெளியே விட வழியில்லை. மூன்று வயதும் நான்கு வயதுமாக ஒரு கூட்டத்தை ஒரே அறையில் நாள் முழுக்க உட்காரவைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தத் தண்டனை தெரியும். முதலில் ஒன்று இன்னொன்றின் முடியை இழுக்கும். அது இதைக் கடிக்கும். பிறகு கடிபடாததும் சேர்ந்து அழும். ஆகவே டீச்சர் அந்த அறைக்குள்ளேயே அவர்களை ஓட்டி, உருட்டி, தவழவிட்டு, களைத்துப்போக வைக்கக் கற்றிருந்தாள்.

பலகைத் தரை போட்ட பழைய வீடு அது. ஒரு சுவரிலிருந்து மறு சுவர் வரை சிவப்பு டேப் ஒட்டியிருந்தாள். அதன்மேல் கையை விரித்துக்கொண்டு நடக்க வேண்டும். கால் விலகினால் ஆற்றில் விழுந்த கணக்கு. தலையணைகளைக் குவித்து மலை ஏறுவார்கள். மேசையில் போர்வையைத் தொங்கவிட்டுக் குகைக்குள் தவழ்வார்கள். செய்தித்தாளைக் கசக்கிப் பந்தாக்கி அழுக்குத்துணிக் கூடையில் எறிவார்கள். மணல் நிரப்பிய சின்னத் துணிப்பையைத் தலையில் வைத்துக்கொண்டு கழுத்தை நிமிர்த்தி நடப்பார்கள். காலையில் ஆரம்பித்தால் மதியத்துக்குள் பசி பசி என்று வந்து மேலே விழும். பிரெட்டும் பாலும் கொடுத்துப் பாயை விரித்தால், யாரோ சுவிட்சை அணைத்த மாதிரி தூங்கிவிடும்.

அவள் புருஷன் லோடுமேன். லாரியில் வருகிற மூட்டைகளை இறக்கிக் கிடங்கில் அடுக்குவது வேலை. மற்றவர்கள் ஒரு மூட்டைக்கு முக்கி முனகும்போது, இவர் முதுகில் ஒன்றும் அதன்மேல் இன்னொன்றும் வைத்துக்கொண்டு, போகிற வழியில் வெற்றிலைக்கு நின்று பேசிவிட்டுப் போவாராம். கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருப்பார்கள். ஆனாலும் ஆள் அப்படித்தான் இருந்தார். ஒரு நாள் ஏறுபலகையில் பாதி தூரம் போனவர் மூட்டையோடு கீழே சரிந்தார். கால் வழுக்கிவிட்டது என்றுதான் கூட இருந்தவர்கள் நினைத்தார்கள். தலைக்குள் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். உயிர் தப்பியது. இடது கை மார்போடு மடங்கிக்கொண்டது, இடது கால் தரையை உரசிக்கொண்டு பின்னால் வந்தது, பேச்சு குழறிப்போனது.

ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கிறவர் தரையில் ஒரு கோட்டைக் காட்டி அதன்மேல் நடக்கச் சொன்னார். பந்தைப் பிடிக்கச் சொன்னார். சின்னப் பெட்டியில் ஏறி இறங்கச் சொன்னார். ஓரமாக நின்று பார்த்த டீச்சருக்கு, அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்துவிட்டது.

"சார், இதைத்தான் நான் வீட்ல தினமும் பண்ண வெக்கிறேன்."

"அப்படியா? யாருக்கு?"

"மூணு வயசுக்காரங்களுக்கு."

"அப்ப இவரையும் அவங்களோட சேத்துடுங்கம்மா. ஒண்ணும் தப்பில்ல. விட்டுட்டா மட்டும் கால் மரத்துப்போயிடும், அதை ஞாபகம் வெச்சுக்குங்க."

வீட்டுக்கு வந்ததும் மனுஷன் மறுத்துவிட்டார். உள்ளறைக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்தவர் படுத்தவர்தான். "நான் என்ன கொழந்தையா" என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். டீச்சர் கெஞ்சினாள், திட்டினாள், ஒரு நாள் சாப்பாட்டைக் கட்டிலுக்கு எட்டாத தூரத்தில் வைத்துவிட்டுக்கூடப் போனாள். சாப்பாடு ஆறியதுதான் மிச்சம்.

அவரை எழுப்பியவன் பட்டாணி. கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிற, எல்லோரும் பேக்கிங் அக்கா என்று கூப்பிடுகிற பெண்ணின் மகன், நான்கு வயது, உருண்டையாக இருப்பான். ஒரு மழை நாளில் பந்து உருண்டு உள்ளறைக்குள் போய்விட்டது. பட்டாணி பின்னாலேயே போய்க் கட்டிலருகே நின்றுகொண்டு, "மாமா, பந்தைக் குடு" என்றான். அவர் வலது கையால் எடுத்து நீட்டினார். "இந்தக் கை இல்ல. அந்தக் கை" என்றான். அவனுக்கு ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. பிள்ளைகள் அத்தை என்று கூப்பிடுகிற டீச்சர் தங்களிடம் தினமும் சொல்வதைத்தான் அவனும் சொன்னான். டீச்சர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பையனை வெகுநேரம் பார்த்தார். பிறகு மடங்கிய கையை விரல் விரலாகப் பிரித்தார். பந்து கீழே விழுந்தது. "அவுட். மறுபடி" என்றான் பட்டாணி.

அடுத்த நாள் அவர் முன்னறைக்கே வந்தார். ஆனால் காலை இழுத்துக்கொண்டு, வாய் ஒரு பக்கம் கோணி, அவ்வளவு பெரிய ஆள் கதவை அடைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்ததும் பிள்ளைகள் மிரண்டுபோயின. சீனி என்கிற பெண் வீறிட்டு அழுதாள். அவர் திரும்பிப் போகப் பார்த்தார். அவர் திரும்பிவிட்டால் இனி வரமாட்டார் என்று டீச்சருக்குத் தெரியும். அந்த நேரத்தில் வாயில் வந்ததைச் சொன்னாள்.

"ஏய், பயப்படலாமா? மாமா யானை. யானை எப்படி நடக்கும்? மெதுவா, ஒரு காலை இழுத்து இழுத்துத்தான் நடக்கும். கை இருக்குல்ல, அது தும்பிக்கை. சுருட்டி வெச்சிருக்கு பாரு."

அழுகை நின்றது. பட்டாணி தன் கையை மார்போடு மடக்கிக்கொண்டு அவர் பின்னால் போய் நின்றான். அவனுக்குப் பின்னால் இன்னொன்று. எல்லாமாக ஒரு கையைச் சுருட்டி, ஒரு காலை இழுத்து, சிவப்புக் கோட்டின்மேல் அவர் பின்னால் வரிசையாகப் போயின. அவர் திரும்பிப் பார்த்துவிட்டுப் பாதி வாயால் சிரித்தார். அவர் சிரித்து அவள் பார்த்து எத்தனையோ நாளாயிற்று. சமையலறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தாள்.

அந்த மழைக்காலத்தில் அவர் தேறினார். குகைக்குள் தவழ முடியவில்லை, ஆனால் மேசையைப் பிடித்துக் குனிந்து நிமிர்ந்தார். மணல் பையைத் தலையில் வைத்துக்கொண்டார். கடைசியில் ஒரு நாள் எதையும் பிடிக்காமல் அந்தச் சுவரிலிருந்து இந்தச் சுவர் வரை கோட்டில் வந்தார். பிள்ளைகள் கை தட்டின. யானை மாமா இல்லாமல் அவற்றுக்கு விளையாட்டே இல்லை என்றாகிவிட்டது. டீச்சருக்கு அப்போது ஒன்று தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை. விளையாட்டு முடிந்தும் பிள்ளைகள் யானையாகவே இருந்தன.

ஒரு சாயங்காலம் பேக்கிங் அக்கா குடையைக்கூட மடக்காமல் உள்ளே வந்தாள். நாள் முழுக்க நின்றே வேலை செய்கிறவள், கால் வீங்கியிருக்கும், எப்போதும் வாசலிலேயே பிள்ளையை வாங்கிக்கொண்டு போகிறவள்.

"டீச்சரம்மா, எம்புள்ள ஒரு காலை இழுத்து இழுத்து நடக்குறான்."

டீச்சர் சிரித்துவிட்டாள். சிரித்திருக்கக் கூடாது.

"ஏன் சிரிக்கிறீங்க? லீவு போட்டுட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினேன். காலைப் படம் புடிச்சாங்க, ஊசி போட்டு ரத்தம் எடுத்தாங்க. ஒண்ணுமில்லங்கறாங்க. ஒண்ணுமில்லாமலா கையை இப்படி மடக்கி வெச்சுக்கிட்டுச் சோறு திங்கறான்?"

"அய்யோ அக்கா, அது வெளையாட்டு. யானை நடை. இவரப் பாத்து நடக்குறாங்க, அவ்வளவுதான்."

பேக்கிங் அக்கா அப்போதுதான் மூலையில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தாள். அவர் எழுந்து நிற்க முயன்றார், மரியாதைக்காகத்தான். அந்தக் காலும் கையும் அவள் கண்ணில் நன்றாகப் பட்டன.

"இவருகூடவா புள்ளைங்கள விடறீங்க?"

"அவரு என்னக்கா பண்ணிட்டாரு?"

"அவரு ஒண்ணும் பண்ணல. ஆனா ஒட்டுற வியாதின்னா?"

"வாதம் ஒட்டாதுக்கா. டாக்டரே சொன்னாரு."

"எம்புள்ளைக்கும் ஒண்ணுமில்லன்னுதான் டாக்டர் சொன்னாரு. நான் எதை நம்ப? எனக்கு அவன் ஒருத்தன்தான் டீச்சரம்மா. அவன் காலு போச்சுன்னா நான் யார்கிட்ட போய் நிப்பேன்?" பட்டாணியை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, அவன் காலை ஒரு கையால் தடவிக்கொண்டே போனாள். அவள்மேல் டீச்சரால் கோபப்படவும் முடியவில்லை.

கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் இந்தப் பேச்சுக்குக் கண், காது, மூக்கு எல்லாம் முளைத்தன. அந்த வீட்டுத் தண்ணீரில் கோளாறு என்றார்கள். சீனிக்கும் கை மடங்குகிறது என்றார்கள். மடங்கத்தான் செய்தது, அவள் யானைக்குட்டி அல்லவா. ஒவ்வொரு பிள்ளையாக வருவது நின்றது. வேறு போக்கிடம் இல்லாத சீனியின் அம்மாதான் கடைசி வரை அனுப்பினாள். பிறகு அவளும் நிறுத்தினாள்.

காலியான அறையில் மழைச்சத்தம் மட்டும் இருந்தது. டீச்சர் கோட்டின் ஒரு முனையில் நின்று, "வாங்க, நான் இருக்கேன்ல" என்பாள். அவர் இரண்டு அடி வைப்பார், நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். "போதும்" என்பார். சில நாளில் கட்டிலுக்கே போய்விட்டார். மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்தார்.

ஒரு நாள் மாலை அவரே பேச்சை எடுத்தார். குழறலாகத்தான் வரும், அவளுக்குப் புரியும்.

"என்னை அண்ணன் வீட்டுக்கு அனுப்பிச்சிடு."

"அனுப்பிச்சு?"

"அங்க கெடக்குறேன்."

"கெடக்கத்தான் செய்வீங்க. உங்க அண்ணன் நல்லவருதான், நான் இல்லங்கல. காலைல கடைக்குப் போனா ராத்திரிதான் வருவாரு. அண்ணிக்கு அவங்க முட்டிவலியே பெரும்பாடு. உங்கள யாரு எழுப்பி நிக்க வெப்பா?"

"இங்க மட்டும் என்ன நிக்கிறேன்?"

"போன மாசம் நின்னீங்களே. நான் கண்ணால பாத்தேனே."

"அப்ப அதுக இருந்துச்சு."

அவ்வளவுதான் விஷயம். அவர் நடக்க வேண்டும் என்றால் பிள்ளைகள் வேண்டும். பிள்ளைகள் வர வேண்டும் என்றால் அவர் இருக்கக் கூடாது. பிள்ளைகள் வராவிட்டால் அடுப்பும் எரியாது. டீச்சர் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே சுவரில்தான் முட்டிக்கொண்டாள்.

"அப்ப, நான் ஊருக்குப் போயிட்டேன்னு சொல்லிடு" என்றார் அவர்.

"நீங்க?"

"உள்ளயே இருந்துக்கறேன். சத்தம் போட மாட்டேன். அதுக போனப்புறம் நீ என்னை நடக்க வை. அதுக பேசறதாவது காதுல விழும்ல."

"கட்டின புருஷன வீட்டுக்குள்ளயே ஒளிச்சு வெக்கச் சொல்றீங்களா?"

"கொஞ்ச நாளைக்குத்தானே. மறந்துடுவாங்க."

அவள் வேண்டாம் என்றுதான் சொன்னாள். இரண்டு நாள் அதையே சொன்னாள். மூன்றாம் நாள், உள்ளே தனியாக இருக்கையில் ஏதாவது ஆனால் என்ன செய்வது என்று கேட்டாள். அவசரம் என்றால் சுவரில் தட்ட வேண்டும், எந்த நேரமானாலும் அவள் வந்துவிடுவாள் என்று பேசிக்கொண்டார்கள்.

மறுநாள் ஷிப்ட் விடுகிற நேரத்துக்குக் கம்பெனி வாசலில் போய் நனைந்துகொண்டு நின்றாள். "அவர அவங்க அண்ணன் வீட்டுக்கு அனுப்பிச்சுட்டேன்" என்றாள், பேக்கிங் அக்காவின் முகத்தைப் பார்க்காமல்.

"நெசமாவா?"

"வந்து பாருங்க."

பேக்கிங் அக்கா குடையை அவள் பக்கமாகச் சாய்த்துப் பிடித்தாள். "பக்கத்து வீட்டுலதான் விட்டுட்டு வர்றேன். நாள் பூரா டிவி முன்னாடி உக்கார வெச்சுடறாங்க. உங்க வீட்டுக்குப் போகணும்னு ராத்திரியெல்லாம் அழுவறான். ஞாயித்துக்கிழமை எல்லாரும் வர்றோம் டீச்சரம்மா. பாத்துட்டுச் சொல்றோம்."

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். தாய்மார்கள் சுவரோரமாக வரிசையாக உட்கார்ந்தார்கள். ஒருத்தி தரையை விரலால் தேய்த்துப் பார்த்தாள், இன்னொருத்தி தண்ணீர்ப் பானையைத் திறந்து பார்த்தாள். உள்ளறைக் கதவு வெளியே தாழிட்டிருந்தது. யாரும் கேட்பதற்கு முன்பே, சாமான் போட்டு வைத்திருக்கிறேன் என்று டீச்சர் சொல்லிவிட்டாள். பிள்ளைகளுக்கு இந்தச் சோதனையெல்லாம் தெரியாது. பழைய அறையையும் பழைய கோட்டையும் பார்த்ததும் அவிழ்த்துவிட்ட கன்றுகளாக ஓடின. தலையணை மலை ஏறின, குகைக்குள் புகுந்து மறுபக்கம் வந்தன. பலூன் தட்டின. தாய்மார்களின் முகம் தளர்ந்தது. சீனியின் அம்மா எழுந்து தானும் ஒரு தட்டு தட்டினாள், எல்லோரும் சிரித்தார்கள்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. மூட்டை சரிந்த மாதிரி, கனமாக. காதில் கேட்டதைவிடப் பலகை வழியாக டீச்சரின் காலில் அதிகம் கேட்டது.

பிள்ளைகளின் குரலைக் கேட்டு அவர் கட்டிலைவிட்டு எழுந்திருக்கிறார், யாரும் சொல்லாமல், தானாக, நடக்க எழுந்திருக்கிறார் என்று அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. சுவரில் தட்டுவார் என்று காத்திருந்தாள். தட்டினால் எல்லாம் போகட்டும் என்று தாழை நீக்கிவிட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டாள். தட்டவில்லை.

"என்ன சத்தம் டீச்சரம்மா?" என்றாள் பேக்கிங் அக்கா.

"பூனை. எதையாவது உருட்டிக்கிட்டே இருக்கும்."

"பூனை உருட்டின மாதிரி இல்லையே."

மறுபடி ஒரு சின்னச் சத்தம், எதையோ இழுக்கிற மாதிரி. டீச்சர் கையைத் தட்டினாள். "எல்லாரும் தவளை. எங்க, தவளை எப்படிக் குதிக்கும்? நல்லா, சத்தமா. யாரு சத்தமா குதிக்கிறாங்கன்னு பாப்போம்." பிள்ளைகள் குந்தி உட்கார்ந்து எகிறின. பழைய பலகை இடி இடித்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. தாய்மார்கள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். டீச்சர் தானும் குந்திக் குதித்தாள்.

பட்டாணி மட்டும் குதிக்கவில்லை. உள்ளறைக் கதவில் காதை வைத்து நின்றான்.

"அத்த, யானை மாமா விழுந்துட்டாரு."

ஒவ்வொரு பிள்ளையாகக் குதிப்பதை நிறுத்தியது. பேக்கிங் அக்கா எழுந்துகொண்டாள். டீச்சர் போய்ப் பட்டாணியின் முன்னால் மண்டியிட்டாள். அவள் முகத்துக்கும் அந்தக் கதவுக்கும் நடுவில் ஒரு பிள்ளையின் அகலம்தான் இருந்தது.

"யானை மாமா ஊருக்குப் போயிட்டாருடா கண்ணு. உள்ள யாருமில்ல."

"எப்ப வருவாரு?"

"இனிமே வர மாட்டாரு." அதை அவள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். கதவுக்கு அந்தப் பக்கமும் கேட்டிருக்கும். "வா, குதி."

அவன் அவளை நம்பினான். குந்தி உட்கார்ந்து, எல்லோரையும்விட உயரமாகக் குதித்தான்.

அதோடு விட்டதா? மழை வலுத்துவிட்டது. யாரும் கிளம்பவில்லை. டீச்சர் எல்லோருக்கும் டீ போட்டாள், ரஸ்க் வைத்தாள். புது சூப்பர்வைசரைப் பற்றிப் பேசினார்கள், மிஷினில் விரல் மாட்டிக்கொண்ட ஒருத்தியைப் பற்றிப் பேசினார்கள். டீச்சர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பேக்கிங் அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்க வயித்துல அடிச்சிட்டேன்னு நெனச்சுக்காதீங்க. பெத்த வயிறு, பயந்துட்டேன். அங்க நல்லா இருக்காராமா?"

"இருக்காராம்."

"நாளைலேருந்து கூட்டிட்டு வர்றோம்."

கடைசிக் குடை சந்து திரும்பியதும் டீச்சர் தாழை நீக்கினாள். அவர் கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே கிடந்தார். இடது கால் இருக்கக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. கண் திறந்திருந்தது. வாய்க்குள் தோள்துண்டைத் திணித்து வைத்திருந்தார். அவள் அதை மெல்ல உருவினாள். அவர் பல்லைத் தளர்த்த நேரமாயிற்று.

"ஏங்க தட்டல? தட்டறேன்னு சொன்னீங்களே."

வலியில் அவருக்கு மூச்சு வாங்கியது. வார்த்தை ஒவ்வொன்றாக வந்தது.

"நான்தான் இங்க இல்லையே."

கிண்டலாகத்தான் சொன்னார், பாதி வாயால் சிரிக்கக்கூடப் பார்த்தார். அவளுக்கு அழுகை வரவில்லை. பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து அந்தத் துண்டை மடித்தாள், பிரித்தாள், திரும்ப மடித்தாள். பிறகுதான் ஆள் கூப்பிட ஓட வேண்டும் என்று நினைவு வந்தது.

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. இருக்கிற உடம்பு நிலைமையில் இனி நிற்பது சிரமம் என்று டாக்டர் சொன்னார். சிரமம் என்றால் முடியாது என்று அர்த்தம். படுத்திருக்கிறவரைப் பார்த்துக்கொண்டு பிள்ளைகளையும் பார்க்க ஒருத்தியால் ஆகாது. அண்ணன் வேன் எடுத்துக்கொண்டு வந்து, சந்து கண் விழிக்கும் முன் அவரைப் படுக்கவைத்து அழைத்துப் போனார். டீச்சர் வேனுக்குள் ஏறித் தலையணையைச் சரிசெய்துவிட்டு இறங்கிக்கொண்டாள். பிள்ளைகள் வருகிற நேரமாகிவிட்டது.

இப்போது முன்பைவிடக் கூட்டம் அதிகம். அடுத்த சந்திலிருந்தெல்லாம் கொண்டுவந்து விடுகிறார்கள். எந்த விளையாட்டை ஆரம்பித்தாலும் பிள்ளைகள், "அத்த, தவளை, தவளை" என்கின்றன. அதற்குத்தான் அம்மாக்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். பிள்ளைகளுக்கு அது மறக்கவில்லை. அவளும் வைக்கிறாள். பட்டாணி மட்டும் குதிப்பதற்கு முன்னால் அந்தக் கதவை ஒரு பார்வை பார்ப்பான்.

"உள்ள யாருமில்லடா, குதி" என்பாள் டீச்சர். அன்றைக்குப் பொய்யாகச் சொன்னபோது தடங்கலில்லாமல் வந்த வார்த்தை, உண்மையாகிவிட்ட பிறகு ஒவ்வொரு நாளும் நின்று நின்றுதான் வருகிறது.